பிறவி தாண்டிய பாக்கி
யூதர்களின் இரவுப் பிரார்த்தனை ஒன்றுக்கு முத்துக்கரையிலிருந்து விளக்கவுரை

யூதர்கள் படுக்கப் போகும் முன் சொல்லும் ஷெமா வழிபாட்டின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பிரார்த்தனை இருக்கிறது. நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். தனக்குத் தீங்கு செய்தவர்களையெல்லாம் மன்னித்துவிட்டுத் தலை சாய்ப்பதற்கானது அது. அதன் நடுவில் வரும் ஒரு சொற்றொடர் நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். இந்தப் பிறவியில் செய்யப்பட்ட தீங்கோடு, வேறு பிறவியில் செய்யப்பட்ட தீங்கையும் சேர்த்தே மன்னிப்பதாக அது சொல்கிறது. மறுபிறவி என்பது நம் பக்கத்துச் சரக்கு, மத்தியதரைக் கடலோரத்து மதங்களுக்கு அது ஆகாது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படித்து வந்த நமக்கு இந்த வரி ஒரு கதவைத் திறக்கிறது.

இந்தப் பிரார்த்தனையைத் தூத்துக்குடியில் உட்கார்ந்து வாசிப்பதற்குக் காரணம் உண்டு. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயலும் இங்கேதான். இந்தக் கரை வழியாகவும் மலபார்க் கரை வழியாகவும் கப்பலோட்டிய வணிகர்களில் யூதர்கள் இருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் பயணி துதேலாவின் பெஞ்சமின், கொல்லம் பக்கத்து யூதர்களைப் பற்றி மரியாதையோடு குறித்திருக்கிறார். மன்னார் வளைகுடாவின் வடகரையில், இராமநாதபுரம் பெரியபட்டினம் பகுதியில் எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைக்கல்லே கிடைத்திருக்கிறது. போகட்டும், வரலாற்றுத் தொடர்பை மட்டும் வைத்து இந்த உரையை எழுதவில்லை. முற்பிறவிப் பாக்கி அடுத்த பிறவியில் வந்து கழுத்தைப் பிடிக்கும் கதைகளில் தமிழின் மிகப் பெரிய கதை, கொற்கை முத்துகள் பரல்களாகக் கிடந்த ஒரு சிலம்பைச் சுற்றி நடந்தது. அந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பிரார்த்தனையைத் துண்டு துண்டாகப் பார்க்கலாம்.

விளிப்பும் அறிவிப்பும்

பிரார்த்தனை உலகின் தலைவனை விளித்துத் தொடங்குகிறது. அடுத்த மூச்சிலேயே, எனக்குச் சினமூட்டியவர், என்னைச் சீண்டியவர், எனக்கு எதிராகப் பிழை செய்தவர் எவரானாலும் இதோ மன்னிக்கிறேன் என்று அறிவிக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது: அவர்களை நீ மன்னித்துவிடு என்று கடவுளிடம் கேட்கவில்லை. கடவுள் சாட்சியாக நிற்க, மன்னிக்கும் வேலையை மனிதனே செய்கிறான்.

இதற்குப் பின்னால் கறாரான ஒரு சட்டம் இருக்கிறது. மனிதன் கடவுளுக்குச் செய்த பிழைகளை யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாள் போக்கும். மனிதன் மனிதனுக்குச் செய்த பிழைகளை, பாதிக்கப்பட்டவரைப் போய்ச் சமாதானப்படுத்தும் வரை அந்த நாளும் போக்காது என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. அந்த இடத்தில் கடவுளே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சாவி பாதிக்கப்பட்டவரின் மடியில் இருக்கிறது. மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த பாபிலோனியத் தல்மூதில் மார் சூத்ரா என்ற அறிஞர், படுக்கையில் ஏறும்போது தன்னைத் துன்புறுத்திய எல்லோரையும் மன்னித்ததாகச் சொல்லும் வழக்கம் வைத்திருந்தார் என்று ஒரு குறிப்பு வருகிறது. இந்தப் பிரார்த்தனைக்கு அதுதான் வித்து.

உடல், பொருள், மானம்

என் உடலுக்கு, என் பொருளுக்கு, என் மானத்துக்கு, எனக்குரிய எதற்குச் செய்ததானாலும் என்று அடுத்த துண்டு விரித்துப் போகிறது. உடலுக்குச் செய்த தீங்கு எல்லோருக்கும் புரியும். மானம் என்பதைத் தல்மூது மிகக் கடுமையாக எடுத்துக்கொள்கிறது. நாலு பேர் முன்னிலையில் ஒருவன் முகம் வெளிறும்படி அவமானப்படுத்துவதை இரத்தம் சிந்துவதோடு சேர்த்துப் பேசுகிறது.

பொருள் என்ற சொல்லில்தான் நான் கொஞ்சம் நிற்கிறேன். மாபெரும் யூத அறிஞர் மைமோனிடிசின் தம்பி டேவிட், ரத்தின வியாபாரி. 12ஆம் நூற்றாண்டில் இந்தியக் கடலில் கப்பலோடு மூழ்கிப் போனார். அவரோடு அண்ணனின் பணமும் வேறு பலரின் பணமும் மூழ்கியது. ஒரு மனைவியும் சின்ன மகளும் மிஞ்சினார்கள். அந்தச் சேதி கேட்டு ஏறக்குறைய ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்ததாக மைமோனிடிஸ் பல ஆண்டுகள் கழித்து ஒரு கடிதத்தில் எழுதினார். கடல் கொண்டுபோனதற்குக் குற்றவாளி கிடையாது. ஆனால் கடனாகவும் பங்காகவும் கொடுத்த பணம் என்றால், கொடுத்தவர்கள் கரையில் காத்திருப்பார்கள். துறைமுக ஊரில் வளர்ந்த எவருக்கும் இது தெரியும். தோணிக்காரரிடம் வாங்கிய முன்பணம், வியாபாரியிடம் வைத்த பாக்கி, இவற்றை இங்கே குடும்பங்கள் தலைமுறை தாண்டியும் நினைவில் வைத்திருக்கின்றன.

அப்படியானால் தினமும் இரவில் எல்லாக் கடனையும் ரத்து செய்கிறதா இந்தப் பிரார்த்தனை? ஆபிரகாம் டான்ட்சிக் (1748–1820) யோம் கிப்பூர் முன்னிரவுக்கென்று பரப்பிய புகழ்பெற்ற பிரார்த்தனையும் எல்லோரையும் மன்னிக்கிறது. ஆனால் இரண்டு விலக்கு வைக்கிறது: நீதிமன்றம் போய் வசூலிக்கக்கூடிய பணம் இதில் சேராது, இவனுக்குத் தீங்கு செய்யலாம், எப்படியும் மன்னித்துவிடுவான் என்று எண்ணிச் செய்தவனும் சேரமாட்டான். நமது இரவுப் பிரார்த்தனையில் அந்த விலக்கு எழுதப்படவில்லை. என் வாசிப்பில், அது விடுவது பணத்தை அன்று, பணத்தோடு ஒட்டிக்கொண்ட பகையை. காலையில் எழுந்து கணக்கைக் கேட்கலாம். கணக்குக் கேட்கும் வாயில் சாபம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அறிந்தும் அறியாமலும்

வேறு வழியின்றிச் செய்தானா, விரும்பிச் செய்தானா, தவறிச் செய்தானா, திட்டமிட்டுச் செய்தானா, சொல்லாலா, செயலாலா என்று அடுத்து வருகிறது. சட்டத்தில் இந்த வேறுபாடுகள் எல்லாமே முக்கியம். தண்டனையே இவற்றை வைத்துத்தான் மாறும். பிரார்த்தனை அவற்றை வரிசையாகச் சொல்லி எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறது.

ஏன் என்பதற்கு இந்தக் கரையின் பழைய தொழில் ஒரு விடை வைத்திருக்கிறது. முத்துக் குளிப்பவர் காலில் கல்லைக் கட்டி இறங்குவார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். மேலே தோணியில் கயிறு பிடிப்பவர் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அக்காளையோ தங்கையையோ தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே கடல்கட்டி என்ற மந்திரக்காரர் பரம்பரையாக இருந்தார், ஆங்கிலேயர் காலத்திலும் அவருக்குக் கூலி உண்டு. கீழே எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில் இருப்பவருக்கு, கயிறு ஏன் தாமதமாக வந்தது என்று தெரியாது. கண்ணயர்ந்தானா, அலையில் தோணி திரும்பிவிட்டதா, பழைய வன்மமா? மேலே வந்த பின்னும் முழுசாகத் தெரியாது. மற்றவன் மனத்துக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மன்னிப்பேன் என்றால் யாரையும் மன்னிக்க முடியாது. அதனால்தான் அந்த விசாரணையைப் பிரார்த்தனை படுக்கையறைக்கு வெளியே விட்டுவிடுகிறது.

இந்தப் பிறவியிலும் வேறு பிறவியிலும்

இனி உயிர்நாடியான துண்டு. ஆன்மா சுழன்று வருவதை எபிரேயத்தில் கில்குல் என்பார்கள். விவிலியத்தில் இது வெளிப்படையாக இல்லை. 10ஆம் நூற்றாண்டில் சாதியா காவோன் என்ற அறிஞர் இதை அபத்தம் என்றே ஒதுக்கினார். பிறகு கபாலா எனப்படும் யூத மறைஞான மரபின் நூல்களில், 12ஆம் நூற்றாண்டின் பாஹிரிலும், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் வெளிவந்த ஜோஹாரிலும் அது வேர் பிடித்தது. 16ஆம் நூற்றாண்டில் கலிலேய மலையூரான சபேதில் ஐசக் லூரியா அதை முழுக் கோட்பாடாக்கினார். அவர் அங்கே போதித்தது சுமார் இரண்டே ஆண்டுகள். 1572இல் கொள்ளைநோயில் இறந்தார், வயது 38. அவர் சொன்னவற்றைச் சீடர் ஹாயிம் விட்டால் எழுதினார். அவற்றில் ஒரு பகுதி பிறவிச் சுழற்சியின் வாசல் என்ற பெயரில் தனி நூலாக நிற்கிறது. பிற்காலப் பிரார்த்தனைப் புத்தகங்களில் நம் வரி இடம்பிடித்தது இந்த மரபின் செல்வாக்கில்தான். எதிர்த்தவர்களும் ஓயவில்லை. வெனிசின் லியோன் மோதேனா மறுத்து எழுதினார். ஆம்ஸ்டர்டாமின் மெனாசே பென் இஸ்ரேல் 1651இல் ஆதரித்துப் பெரிய நூலே எழுதினார். இன்றும் கில்குலை நம்பாத யூதர்கள் ஏராளம்.

லூரியா சொல்வது நாம் பழகிய மறுபிறவியைப் போல இருந்தாலும் ஓர் இடத்தில் விலகுகிறது. ஆன்மாவுக்குப் படிநிலைகள் உண்டு: உடலோடு ஒட்டிய நெபேஷ், அதற்கு மேல் ரூவாஹ், அதற்கும் மேல் நெஷாமா, இன்னும் இரண்டு. ஆதாமின் ஆன்மாவில் எல்லா மனிதரின் ஆன்மாக்களும் அடங்கியிருந்தன. அவன் வீழ்ந்தபோது அந்த ஒளிப்பொறிகள் சிதறித் தோடுகளுக்குள் மாட்டிக்கொண்டன. ஒவ்வொரு பிறவியிலும் மனிதன் கட்டளைகளை நிறைவேற்றி, செய்த கேட்டைச் சரிசெய்து, சில பொறிகளை விடுவிக்கிறான். சரியானது சரியானதுதான், அது மீண்டும் இறங்கி வர வேண்டியதில்லை. சரியாகாத பகுதிதான் திரும்பி வருகிறது. முழு ஆளும் சட்டை மாற்றிக்கொண்டு வருவதாக இவர்கள் பார்ப்பதில்லை. அதனால் போன பிறவியில் நான் ராஜா என்று பெருமை பேச வழியில்லை. வந்திருப்பது மிச்சம்.

தோட்டுக்குள் பொறி என்று கேட்டதும் எங்கள் ஊர்ப் பழைய முத்துக்களம் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. கரைக்கு வந்த சிப்பிகளை முழுக்கக் கையால் பிளந்து பார்ப்பது நடக்கிற காரியமா? அடைப்புகளில் குவித்து அழுக விடுவார்கள். ஈ மொய்க்கும், புழு வைக்கும், காற்று திரும்பினால் வீசும் நாற்றத்தில் சோறு இறங்காது. சதை கரைந்த பின் கழுவிக் கழுவி, அடியில் தங்கிய கசட்டை விரலால் துழாவி அரிப்பார்கள். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இருக்காது. லூரியா மரபின் சுத்திகரிப்பும் இப்படி நாற்றத்தோடும் பொறுமையோடும் நடப்பதுதான். ஒரே முழுக்கில் வெளுத்துவிடும் என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

சரிசெய்ய வேண்டியவற்றில் கடினமானது மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள பாக்கி. ஜோஹாரில் கழுதையோட்டியாக வரும் ஒரு கிழவர், யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தின் அடிமைச் சட்டங்களைப் பிறவிச் சுழற்சியின் சட்டங்களாக வாசிக்கிறார். கடன்பட்டவன் கடன் தீரும் வரை உழைத்தாக வேண்டும். இங்கே தீராவிட்டால் இன்னொரு முறை வந்து உழைக்க வேண்டும்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். கோவலன் ஏன் மதுரையில் வெட்டுண்டான் என்று கண்ணகிக்கு மதுராபதித் தெய்வம் சொல்கிறது. கலிங்கத்தில் சிங்கபுரமும் கபிலபுரமும் பகைத்திருந்த காலம். கபிலபுரத்து வணிகன் சங்கமன் மனைவி நீலியோடு சிங்கபுரம் வந்து நகை விற்றான். பரதன் என்ற அரசு ஊழியன் அவனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்தான். சங்கமன் கொல்லப்பட்டான். நீலி தெருத்தெருவாக அரற்றி, பதினான்காம் நாள் மலையேறிக் கணவனோடு சேரும் நேரத்தில், எமக்கு இதைச் செய்தவர் இதையே அடைக என்று சபித்துவிட்டு விழுந்தாள். பரதன்தான் கோவலன்.

கோவலனுக்குச் சங்கமன் யாரென்று தெரியாது. கண்ணகிக்கு நீலியைத் தெரியாது. ஆனாலும் பாக்கி வேலை செய்கிறது. தெரியாத ஒன்றை எப்படி மன்னிப்பது என்று இந்தப் பிரார்த்தனையைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு இதுவே பதில். பாக்கி நடப்பதற்கு நினைவு தேவையில்லை என்றால், அதை விடுவதற்கும் நினைவு தேவையில்லை. எனக்கு நினைவில்லாத ஒரு பிறவியில் நான் நீலியாக இருந்து யாரையோ சபித்திருக்கலாம். அந்தச் சாபம் இன்றும் யாரையோ துரத்திக்கொண்டிருக்கலாம். அதை இன்றிரவு திரும்பப் பெறுகிறேன் என்பதுதான் இந்த வரியின் பொருள்.

நீலியிடம் போய் மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அந்த நியாயம் எங்கே போய் நின்றது என்று காப்பியமே காட்டுகிறது. பரதனைத் தண்டிக்கக் கிளம்பிய சாபம் கண்ணகியை விதவையாக்கியது, அரசனையும் அரசியையும் கொன்றது, மதுரையை எரித்தது. கடைசியில் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஒரு பொற்கொல்லனின் பொய்க்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான். எங்கள் கொற்கை! அந்த ஆயிரம் பேரின் மனைவிமார் யாரைச் சபித்தார்கள் என்று காப்பியம் சொல்லவில்லை.

இன்னொன்றும் இந்த வரியில் எனக்கு உயர்வாகப் படுகிறது. முற்பிறவி என்ற எண்ணம் கையில் கிடைத்தால் மனிதன் பெரும்பாலும் அதை அடுத்தவன் மேல்தான் வீசுவான். உடல் குறையோடு பிறந்த குழந்தையைப் பார்த்து, கணவனை இழந்தவளைப் பார்த்து, தாழ்த்தப்பட்டவனைப் பார்த்து, எல்லாம் போன ஜென்மத்துப் பாவம் என்று சொல்லும் ஊர் நம் ஊர். கபாலா மரபிலும் நெற்றியைப் பார்த்து முற்பிறவிக் குற்றம் சொன்ன கதைகள் உண்டு. லூரியாவைப் பற்றியே உண்டு. இந்தப் பிரார்த்தனை அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. முற்பிறவியை அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பயன்படுத்துகிறது: எனக்குத் தீங்கு செய்தவனை விடுவிக்க. மறுபிறவிக் கோட்பாட்டுக்கு இதைவிடக் கண்ணியமான ஒரு பயனை நான் எந்த மதத்திலும் பார்த்ததில்லை.

யாரை?

மன்னிக்கப்படுபவர் யார் என்பதற்குப் பழைய வடிவம் இஸ்ரேல் மக்களில் எவரையும் என்கிறது. சில புதிய பதிப்புகள் எந்த மனிதரையும் என்று விரிக்கின்றன. எனக்கு விரித்ததுதான் பிடிக்கிறது, ஆனால் பழையதைக் குறுகல் என்று தள்ளவும் மனம் வரவில்லை. மன்னிக்கக் கடினமானவர்கள் எப்போதுமே சொந்தக்காரர்களும் ஒரே தெருக்காரர்களும்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் 1615இல் இறந்த கபாலா ஞானி நெகேமியா மோத்தாவின் கல்லறை இருக்கிறது. யூதர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்வது வழக்கம். அந்த ஊர் நடைமுறையில் இந்தச் சொல்லை விரித்தே வாசித்துவிட்டது.

என்னால் யாரும் தண்டனை பெறாதிருக்க

அடுத்து, என் காரணமாக எந்த மனிதனும் தண்டிக்கப்பட வேண்டாம் என்கிறது. இங்கே பழைய வடிவத்திலும் மனிதன் என்றுதான் இருக்கிறது.

இந்தத் துண்டைக் கருணை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரிந்தது. எவன் பொருட்டு அவன் தோழன் தண்டிக்கப்படுகிறானோ, அவனைக் கடவுளின் திருமுன் அனுமதிப்பதில்லை என்று தல்மூதில் ஒரு வாக்கு உண்டு. நன்றாகக் கவனியுங்கள், வெளியே நிறுத்தப்படுபவன் தீங்கு செய்தவன் இல்லை, தீங்குக்கு ஆளானவன்! என் பொருட்டு விழுந்த அடியின் கறை என் மேலும் படிகிறது. ஆகவே ஆன்மாவைத் தூய்மையாக்குவது என்ற பேச்சு இங்கே கடன் கொடுத்தவனையும் சேர்த்துக்கொள்கிறது. கடன்பட்டவன் திரும்பி வந்தால், வசூலிக்க நானும் வர வேண்டியிருக்கும். இருவரும் ஒரே கயிற்றில் கட்டுண்டவர்கள். கயிற்றை அவிழ்க்க இருவரில் யாரால் இன்றிரவு முடியுமோ அவர் அவிழ்க்கட்டும் என்கிறது பிரார்த்தனை.

தீங்கு செய்தவனுக்கு இதனால் வேலை மிச்சம் என்று நினைத்துவிடக்கூடாது. அவன் போய்க் கேட்டே ஆக வேண்டும். மைமோனிடிஸ் சட்டம் வகுத்திருக்கிறார்: மறுத்தால் மூன்று தோழர்களை அழைத்துக்கொண்டு மறுபடி போ, மூன்று முறை வரை போ. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், இவருக்கு இன்னது செய்தேன் என்று அவர்கள் முன் வாய்விட்டுச் சொல். மைமோனிடிசிடம் மறுபிறவிப் போதனை கிடையாது. ஆனாலும் இறப்போடு பாக்கி தீர்ந்துவிடுவதில்லை என்பதில் அவருக்கும் கபாலா மரபுக்கும் வேறுபாடு இல்லை.

நோயால் வேண்டாம்

கடைசித் துண்டில்தான் மனிதன் தனக்காகக் கேட்கிறான். இனி நான் பிழை செய்யாதிருக்க வேண்டும். செய்துவிட்ட பிழைகளை உன் பேரிரக்கத்தால் அழித்துவிடு, ஆனால் துன்பத்தாலும் கொடிய நோயாலும் வேண்டாம். தல்மூதில் ராவா என்ற அறிஞரின் பிரார்த்தனையிலிருந்து வந்த வேண்டுதல் இது.

துன்பம் ஆன்மாவைச் சுத்தப்படுத்தும் என்று யூத மரபு நம்பத்தான் செய்கிறது. கில்குலையே பல கபாலா அறிஞர்கள் தண்டனை என்று சொல்லாமல் இரக்கம் என்பார்கள்: நரகத்துக்குப் பதில் இன்னொரு வாய்ப்பு. இருந்தாலும் இங்கே மனிதன் துணிந்து பேரம் பேசுகிறான். சுத்தப்படுத்து, ஆனால் வலிக்காமல். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் ராபி யோகனானின் கதையைக் கேட்க வேண்டும். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். நோயில் படுத்திருந்த அவரிடம் ராபி ஹனினா வந்து, இந்தத் துன்பங்கள் உமக்கு உவப்பானவையா என்று கேட்டார். துன்பமும் வேண்டாம், அதற்கான கூலியும் வேண்டாம் என்றார் யோகனான். கையைக் கொடும் என்றார் ஹனினா. கொடுத்தார், எழுந்தார். வேறொருவரின் நோய்ப்படுக்கையில் இதே போல் கை நீட்டி எழுப்பியவர்தான் யோகனான். தன்னைத் தானே ஏன் எழுப்பிக்கொள்ளவில்லை என்று தல்மூது கேட்டு, சிறையில் இருப்பவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்வதில்லை என்கிறது.

பிரார்த்தனை 19ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தோடு முடிகிறது. வாயின் சொல்லும் நெஞ்சின் நினைப்பும் ஏற்கப்பட வேண்டும் என்று கேட்கும் வசனம். யூதர்கள் நாளுக்கு மூன்று முறை நின்று சொல்லும் முறையான தொழுகையின் முடிவிலும் இதே வசனம் உண்டு. அங்கே அதற்கு முன்னால், தன்னைச் சபிப்பவர்களுக்கு எதிரே தன் ஆன்மா வாய் திறவாதிருக்க வேண்டும் என்று மார் என்ற அறிஞர் இயற்றிய வேண்டுதல் நிற்கிறது. பகல் முழுவதும் மூன்று தடவை அதைக் கேட்டும் முடியாமல் போனவர்களுக்காகத்தான் இரவுப் பிரார்த்தனை ஏற்பட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.